சட்டை உரியவில்லை, இரையும் எடுக்கவில்லை: பெங்களூரு பிப்ரவரியில் ஐந்து பால் பைத்தான் குஞ்சுகள்

பெங்களூரு ராமமூர்த்தி நகரில் ஒரு மாடி வீடு. அங்கே வளரும் ஒரு ஜோடி பால் பைத்தான்களுக்கு (ball python, மிரண்டால் பந்தாகச் சுருளும் மலைப்பாம்பு வகை) பிறந்தவை ஐந்து குஞ்சுகள். அதில் இரண்டு ஒழுங்காக இரை எடுத்தன, மூன்று ஒரு வாய்கூட எடுக்கவில்லை. பொரித்து நான்கு வாரம் போல ஆன நிலையில் ஐந்தையும் கால்நடை மருத்துவரான என்னிடம் கொண்டுவந்தார்கள். "சாப்பிடவே மாட்டேங்குது டாக்டரம்மா" என்பதுதான் புகார். ஒரே தாய், ஒரே அடை, அடுத்தடுத்த நாளில் பொரித்தவை, ஒரே வீட்டில் வளர்ந்த எலிதான் இரை. அப்படியிருந்தும் இரண்டு விதமாகப் போயிருக்கிறது. இப்படி ஒரு ஒப்பீடு தானாக அமைவது அபூர்வம் என்பதால் விரிவாகவே எழுதி வைக்கிறேன். வளர்ப்பவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றார்.

முட்டை வரை

வளர்ப்பவர் ஏசி மெக்கானிக். பூர்வீகம் ஆம்பூர்ப் பக்கம், பிறந்து வளர்ந்தது எல்லாம் பெங்களூரு. பெரிய பாம்புகள் இரண்டையும் சில வருடங்களாக வைத்திருக்கிறார். நான் முதலில் கேட்டது காகிதத்தைத்தான். பால் பைத்தான் மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் பாம்பு. கானா, டோகோ, பெனின் நாடுகளிலிருந்து உலகம் முழுக்கப் போகிறது. காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022இல் செய்த திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் நான்காம் அட்டவணையில் இந்த மாதிரி வெளிநாட்டு இனங்கள் வருகின்றன. வைத்திருப்பவர் 2024இல் வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும், குஞ்சு பொரித்தால் அதையும் தெரிவிக்க வேண்டும். இவரிடம் இரண்டும் சரியாக இருந்தன. நம்மூர் மலைப்பாம்பு விஷயம் வேறு. அது முதலாம் அட்டவணை, வீட்டில் வைப்பதே குற்றம். அதன் குஞ்சை யாராவது என் மேசையில் வைத்தால் வைத்தியத்துக்கு முன்னால் வனத்துறைக்குத்தான் தகவல் போகும்.

தாய் இட்டது ஆறு முட்டை. ஒன்று மஞ்சளாகச் சுருங்கிய கூமுட்டை. மீதி ஐந்தையும் தெர்மாகோல் பெட்டியில் ஈரம் தாங்கும் கனிமத் துகளான வெர்மிகுலைட்டை நனைத்து அதன் மேல் வைத்து, தெர்மோஸ்டாட் போட்டு 31.5 டிகிரியில் அடைகாக்க வைத்திருக்கிறார். கோழி முட்டையைப் போலத் திருப்பிப் போடவில்லை. பாம்பு முட்டையைத் திருப்பினால் உள்ளே கரு செத்துப்போகலாம் என்று தெரிந்து வைத்திருந்தார். எட்டு வாரம் போலக் கழிந்து, பிப்ரவரி நடுவில் ஓடுகளில் கீறல் விழுந்தது. குஞ்சின் மேல்தாடை நுனியில் அதற்கென்றே ஒரு சின்னப் பல் இருக்கும். தோல் போன்ற ஓட்டை அதனால் கிழித்துவிட்டு, தலையை மட்டும் நீட்டிக்கொண்டு ஒன்றிரண்டு நாள் உள்ளேயே கிடக்கும். மீதி மஞ்சள் கருவை உடம்புக்குள் இழுத்துக்கொள்ளும் நேரம் அது. அந்த நேரத்தில் பிடித்து வெளியே இழுக்காமல் விட்டதே பெரிய காரியம். இதுவரை அவர் செய்ததில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பொரித்த எடைகளையும் எழுதி வைத்திருந்தார், டப்பாவின் மேல் ஸ்கெட்ச் பேனாவால். ஒன்றாம் நம்பர் 61 கிராம், இரண்டு 58, மூன்று 55, நான்கு 52, ஐந்து 49. எல்லாமே இந்த இனத்துக்குச் சாதாரண எடைதான்.

டப்பாவும் வலை மூடியும்

குஞ்சுகளை வைத்தது மாடியில் இருக்கும் ஒற்றை அறையில். ஒன்று, இரண்டு, ஐந்தாம் நம்பர்களுக்குச் சமையலறையில் அரிசி, பருப்பு போட்டு வைக்கும் பிளாஸ்டிக் டப்பா. சால்டரிங் அயர்னால் பக்கவாட்டில் சில ஓட்டைகள், இறுக்கமான மூடி, உள்ளே ஒரு தண்ணீர்க் கிண்ணம். டப்பா போதாததால் மூன்றும் நான்கும் கொஞ்சம் பெரிய கண்ணாடிப் பெட்டிகளுக்குப் போயின. அவற்றுக்கு மேலே கொசுவலை போன்ற கம்பிவலை மூடி. தரைக்கு டிஷ்யூ பேப்பர், பெட்டிக்கு அடியில் சூடேற்றும் விரிப்பான ஹீட் மேட்.

வலை மூடி யோசனையைக் கொடுத்தது சென்னையில் இருக்கும் சித்தப்பா மகன். அவரும் பால் பைத்தான் வளர்க்கிறவர்தான், அனுபவசாலிதான். சென்னைக்கு அந்த யோசனை சரி. கடற்கரை ஊரில் காற்றிலேயே ஈரம் ஊறிக் கிடக்கிறது. இறுக்கி மூடிய பெட்டியில் பூஞ்சை பிடிக்கும், அடிவயிற்றுச் செதில் புண்ணாகும். அங்கே காற்றோட்டம்தான் முதல் கவலை. பெங்களூரு கடல் மட்டத்துக்கு 900 மீட்டர் மேலே உட்கார்ந்திருக்கிறது. பிப்ரவரி, மார்ச்தான் இங்கே காற்று வறண்டு கிடக்கும் மாதங்கள், மதியத்தில் ஈரப்பதம் 30 சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். உதடு வெடிக்கும், துணி ஒரு மணி நேரத்தில் காயும். அந்த அறையில் வலை போட்ட பெட்டியைச் சூடேற்றி வைத்தால் உள்ளே என்ன மிஞ்சும்?

கணக்காகவே பார்க்கலாம். இரவில் அறை 20 டிகிரி, ஈரப்பதம் 50 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அதே காற்றை, தண்ணீர் எதுவும் சேர்க்காமல், 32 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 25 சதவீதத்துக்கு இறங்கிவிடும். சூடான காற்று கூடுதல் ஈரத்தைத் தாங்கும் என்பதால் விகிதம் சரிகிறது. அந்தப் பற்றாக்குறையை அது பக்கத்தில் எது ஈரமாக இருக்கிறதோ அதிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும். தண்ணீர்க் கிண்ணத்தை விட்டால் பெட்டிக்குள் ஈரமாக இருப்பது குஞ்சு ஒன்றுதான். பால் பைத்தான் குஞ்சுக்கு வேண்டியது 60 முதல் 70 சதவீதம், உரிக்கும் நாட்களில் அதற்கும் கொஞ்சம் மேலே.

இதை நான் பாதி சொல்லும்போதே அவருக்குப் பிடிபட்டுவிட்டது. "ஹீட்டர் மோடுல விடிய விடிய ஓடுன ரூம் மாதிரியா டாக்டர்?" என்றார். அதேதான். வெப்பத்தை அவர் கச்சிதமாகத்தான் அளந்திருந்தார். தொழிலுக்கு வைத்திருக்கும் இன்ஃப்ராரெட் கன் கையிலேயே இருந்தது. சூடான பக்கம் 32, குளிர்ந்த பக்கம் 26, குறையே இல்லை. ஈரப்பதமானி மட்டும் முள் வைத்த மலிவு ரகம், அதுவும் அறைச் சுவரில் மாட்டியிருந்தது. அது காட்டியது சுவரின் நிலவரம். பெட்டிக்குள் தரையிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் குஞ்சுக்கு முக்கியம்.

சோதனையில் கண்டது

மேசைக்கு வந்தபோது ஒன்றாம் நம்பர் 78 கிராம், இரண்டு 71. இரண்டும் கையில் எடுத்ததும் பந்தாகச் சுருண்டு தலையை நடுவில் புதைத்துக்கொண்டன. ஆரோக்கியமான பயம் அது. அவற்றைப் பற்றி இதற்கு மேல் எழுத எதுவும் இல்லை.

மூன்றாம் நம்பர் 55இலிருந்து 48க்கு வந்திருந்தது. பக்கவாட்டுத் தோலில் நீளவாக்கில் மெல்லிய மடிப்புகள். விரலால் லேசாகக் கிள்ளி விட்டால் மடிப்பு அப்படியே சில நொடி நின்றது. முதுகில் அங்கங்கே பழைய சட்டை காகிதத் துண்டுகளாக ஒட்டிக் கிடந்தது.

நான்காம் நம்பர்தான் மோசம். 52இலிருந்து 43 கிராம். பொரித்த குஞ்சு முதல் சில நாளில் கொஞ்சம் எடை இறங்குவது இயல்பு, ஆனால் இது ஆறில் ஒரு பங்கு. வாயைத் திறந்து பார்த்தால் உமிழ்நீர் நூலாக இழுத்தது. கண் இரண்டும் மங்கல், அதன் மேல் சின்னக் குழிவு. பாம்புக்கு இமை கிடையாது. கண்ணை மூடி நிற்பது ஒளி ஊடுருவும் ஒரு செதில், சட்டை உரியும்போது அதுவும் சேர்ந்து உரிந்து வர வேண்டும். வளர்ப்பவர் ஒரு நல்ல காரியம் செய்திருந்தார். உரிந்த சட்டைகளையெல்லாம் தூக்கிப் போடாமல் நம்பர் எழுதி ஜிப் கவரில் வைத்திருந்தார். ஒன்றாம் நம்பரின் சட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தேன். தலைப் பகுதியில் இரண்டு பக்கமும் மிளகளவுகூட இல்லாத வட்டமான, தெளிந்த மூடிகள் தெரிந்தன. நான்காம் நம்பரின் கவரில் இருந்த துண்டுகளைத் தண்ணீரில் நனைத்து விரித்துப் பார்த்தபோது தலைப் பகுதி கிடைத்தது. கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ஓட்டை. மூடிகள் கண்ணிலேயே தங்கிவிட்டன.

வால் நுனியில் இன்னொன்று. பழைய தோல் வளையமாக இறுகி, அதற்குக் கீழே நுனி சற்று வீங்கியிருந்தது. நிறம் இன்னும் கருக்கவில்லை. இதைக் கவனிக்காமல் விட்டால் அடுத்த அடுத்த சட்டையும் அதே இடத்தில் தங்கி, ரத்த ஓட்டம் நின்று, நுனி காய்ந்து உதிர்ந்துவிடும். வால் நுனி போன மலைப்பாம்புகளில் பலவற்றுக்கு இதுதான் காரணம். எங்கோ இடித்துக்கொண்டது என்று வளர்ப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

உடம்பெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. "அம்மா தேங்காய் எண்ணெய் தடவுனாங்க" என்றார். கூடவே வந்திருந்த அம்மா, "குழந்தைக்குப் பொருக்கு உரியலன்னா எண்ணெய்தானே வைப்போம் டாக்டரம்மா" என்றார். அவர் சொல்வதில் நியாயம் உண்டு, ஆனால் பாம்புக்கு அது உதவாது. எண்ணெய் தோலை வழுக்கலாக்குமே தவிர ஈரத்தை உள்ளே கொண்டுபோகாது. தூசியும் டிஷ்யூ நாரும் ஒட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

கீழ் ஈறின் முன்பக்கத்தில் ஒரு சிராய்ப்பும் இருந்தது. பொரித்த மூன்றாம் நாளே எலிக்குஞ்சைக் காட்டியிருக்கிறார், ஐந்தும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்புறம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் காட்டியிருக்கிறார். இரண்டு வாரம் கழிந்ததும் பயந்துபோய், நான்காம் நம்பரின் வாயைப் பல்குச்சியால் நெம்பித் திறந்து இரையை உள்ளே தள்ளப் பார்த்திருக்கிறார். நல்லவேளை, புண் சீழ் பிடிக்கவில்லை. பூச்சி இருக்கிறதா என்று வெள்ளை டிஷ்யூவால் ஐந்தையும் துடைத்துப் பார்த்தேன். கருப்புப் புள்ளி எதுவும் இல்லை. தொப்புள் தழும்பும் ஐந்துக்கும் சுத்தமாக மூடியிருந்தது.

ஐந்தாம் நம்பர் தனிக் கேஸ். டப்பாவில் இருந்தது, சட்டையை ஒரே துண்டாக உரித்திருந்தது, நீர்ச்சத்தும் குறையவில்லை. 49இலிருந்து 45 கிராம். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் சட்டை, அப்புறம் இரை

பொரித்த குஞ்சு வயிற்றில் மஞ்சள் கருவோடு வருகிறது. முதல் ஒன்றிரண்டு வாரம் அதற்கு அதுவே சாப்பாடு. அந்த நாட்களில் எலியை நீட்டுவது பந்தியில் சாப்பிட்டு எழுந்தவரை மறுபடி இலையில் உட்காரச் சொல்வதுதான். ஏழிலிருந்து பதினான்கு நாளுக்குள் முதல் சட்டை உரியும். அதற்குச் சில நாள் முன்னால் நிறம் மங்கி, கண் நீலம் பாய்ந்தாற்போல் ஆகும். பழைய தோலுக்கும் அடியில் புதிதாக வளர்ந்த தோலுக்கும் நடுவே திரவம் சேர்வதுதான் அந்த நீலம். அந்தத் திரவத்தில் உள்ள நொதிகள்தான் இரண்டையும் பிரித்துவிடுகின்றன. பிறகு கண் திடீரென்று தெளியும். தெளிந்த சில நாளில் மூக்கை எதிலாவது உரசி, உதட்டோரம் தொடங்கி, காலுறையை உள்வெளியாகக் கழற்றுகிற மாதிரி முழுச் சட்டையும் வந்துவிடும். இதற்கெல்லாம் உடம்பில் நீர் வேண்டும். நீர் குறைந்தால் திரவம் போதாது. தோல் பாதியில் ஒட்டிக்கொள்ளும், துண்டு துண்டாகக் கிழியும்.

உரிந்து முடித்த குஞ்சுக்குத்தான் பசி எடுக்கத் தொடங்கும். உரிக்காத குஞ்சு, பாதி உரித்த குஞ்சு, கண்மூடி தங்கிய குஞ்சு எதுவும் இரையை நாடாது. கண் தெரியாத, தோல் இறுகிய, தாகத்தில் இருக்கிற உயிர் வேட்டையாடத் துணியுமா? ஆகவே "சாப்பிடவில்லை" என்ற புகாரை அப்படியே ஒதுக்கி வைத்தேன். மூன்றுக்கும் நான்குக்கும் வேண்டியது நீரும் மறைவிடமும். இரையைப் பற்றி அடுத்த வாரம் பேசலாம் என்றேன். அவருக்கு முகம் விழுந்துவிட்டது. இன்னும் ஒரு வாரம் பட்டினியா என்பது அவர் கவலை. ஆரோக்கியமாகப் பொரித்த குஞ்சு சில வாரம் இரையில்லாமல் தாக்குப்பிடிக்கும். தண்ணீர் இல்லாமல் முடியாது.

செய்தவை

நான்காம் நம்பருக்கு மட்டும் உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்த சலைன் 0.6 மில்லியைத் தோலுக்கடியில் ஏற்றினேன். பிறகு பழைய பருத்தித் துணிப்பை ஒன்றை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, பிழிந்து, மூன்றையும் நான்கையும் தனித்தனிப் பையில் விட்டு, 29 டிகிரியில் இருக்கும் பெட்டிக்குள் முக்கால் மணி நேரம் வைத்தேன். தண்ணீர்த் தொட்டியில் முக்கி வைப்பதைவிட எனக்கு இதுதான் பிடித்த முறை. குஞ்சு மூழ்கும் பயம் இல்லை, ஈர மடிப்புகளுக்குள் நுழைந்து நுழைந்து தானே உரசிக்கொள்ளும். மூன்றாம் நம்பரின் முதுகுத் துண்டுகள் பையிலேயே கழன்று கிடந்தன. நான்காம் நம்பரின் வால் வளையத்தை ஈரப் பஞ்சுக் குச்சியால் தலையிலிருந்து வால் பக்கமாக உருட்டி உருட்டி எடுத்தேன். ஒரு நூல் அகலத்துக்கு வந்தது அந்த வளையம். அதற்குள் அவ்வளவு இறுக்கம்.

கண்மூடிகளைத் தொடவில்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இடுக்கியால் எடுப்பது, செல்லோடேப் ஒட்டி இழுப்பது என்று சொல்லித் தருபவர்கள் இருக்கிறார்கள். பழைய மூடிக்கும் புதிய மூடிக்கும் நடுவே இருப்பது ஒரு முடியின் பருமன்கூட இல்லை. புதியதும் சேர்ந்து கிழிந்தால் கண்ணே போகும். ஈரமான இடத்தில் வைத்தால் அடுத்த சட்டையோடு பெரும்பாலும் தானாக வந்துவிடும். கண் உலராமல் இருக்கத் தடவும் ஜெல்லை மட்டும் தினம் ஒரு முறை வைக்கச் சொன்னேன்.

வீட்டில் மாற்றியவை அதிகம். வலை மூடிப் பெட்டிகள் போயின. மூன்றுக்கும் நான்குக்கும் ஷூ பெட்டி அளவில், ஓரளவு மங்கலான பிளாஸ்டிக் டப்பா வந்தது. ஓட்டைகள் கொஞ்சம்தான். டிஷ்யூவுக்குப் பதில் இரண்டு விரல் கனத்துக்குக் கோகோபீட், அதாவது தேங்காய் நார்த்தூள். அதை முதலில் நன்றாக அலசி உப்பை எடுத்துவிட வேண்டும். பிறகு கையில் பிடித்துப் பிழிந்தால் சொட்டாமல், விட்டால் உதிராமல் இருக்கும் பதம். மறைவிடத்துக்கு நான் பெரும்பாலும் சொல்வது தயிர் வாங்கிய சின்ன மண்சட்டி. விளிம்பில் ஒரு சில்லைத் தட்டி எடுத்துவிட்டு, கூர்மையைத் தேய்த்து, கவிழ்த்து வைத்தால் போதும். உடம்பு நான்கு பக்கமும் உரசும் அளவு நெருக்கமாக இருந்தால்தான் இந்தப் பாம்புக்கு நிம்மதி. பெரிய கண்ணாடிப் பெட்டி பார்க்கிறவர்களுக்கு அழகு, குஞ்சுக்கு அது திறந்த மைதானம். சட்டிக்குள் ஆர்க்கிட் செடிக்கு நர்சரியில் விற்கும் ஸ்ஃபேக்னம் பாசி ஒரு பிடி, ஈரமாக. டிஜிட்டல் ஈரப்பதமானியின் உணரியைக் கோகோபீட்டுக்கு சற்று மேலே வைத்தால் 70இல் நின்றது.

மாடி அறை பகலில் 34, இரவில் 18. அந்த ஊசலாட்டம் வேண்டாம் என்று டப்பாக்களை ஹாலுக்கு இறக்கச் சொன்னேன். ஹீட் மேட் டப்பாவின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது, தெர்மோஸ்டாட்டின் உணரி மேட்டுக்கும் டப்பாவுக்கும் நடுவே ஒட்டியிருக்க வேண்டும். மின்வெட்டுக்கு வீட்டு இன்வெர்ட்டரில் ஒரு இணைப்பு. இதெல்லாம் அவர் தொழில், நான் சொல்லி முடிக்கும் முன்பே மனசுக்குள் வயர் இழுத்துவிட்டார்.

கை கழுவுவது பற்றி அம்மாவிடம் தனியாகப் பேசினேன். வீட்டில் நான்கு வயதுப் பேரன் இருக்கிறான். ஊர்வனவற்றின் குடலில் சால்மோனெல்லா இருப்பது சாதாரணம், ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு அது கடுமையாகும். தண்ணீர்க் கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவக்கூடாது. ஆனால் அம்மாவின் வருத்தம் வேறு. "பாம்பாச்சும் சத்தமில்லாம கெடக்கு. அந்த எலி நாத்தம்தான் தாங்கல. இப்ப என் ஃப்ரிட்ஜ்லயும் கவர் போட்டு வெச்சிருக்கான்." எலி வளர்க்கும் டிரம்முக்குத்தான் காற்றோட்டம் வேண்டும், கழற்றிய வலை மூடிகளை அதற்குப் போடுங்கள் என்றேன். உறையவைத்த எலிக்குச் சின்னதாக ஒரு பழைய ஃப்ரிட்ஜ் வாங்கிக் கொடுக்கச் சொல்லி மகன் பக்கம் திரும்பினேன்.

முதல் இரை

ஒரு வாரம் யாரும் தொடவில்லை. மறுபடி எடை போட்டபோது மூன்று 51 கிராம், நான்கு 47. ஒரு கடி இரைகூட இல்லாமல், வெறும் தண்ணீரிலேயே ஏறிய எடை அது. எவ்வளவு வறண்டு கிடந்தன என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

இரையின் அளவு குஞ்சின் எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம். 50 கிராம் குஞ்சுக்கு ஐந்து முதல் ஏழு கிராம் எலி, அதாவது வளர்ப்பவர்கள் ஹாப்பர் என்று சொல்லும், மயிர் முளைத்துத் துள்ளத் தொடங்கிய பருவத்துச் சுண்டெலி. பிங்கி எனப்படும் மயிரில்லாத குட்டி இந்த இனத்துக்குச் சின்னது, ஈர்ப்பும் குறைவு. உறைந்த எலியை முதல் நாளே ஃப்ரீசரிலிருந்து கீழ்த்தட்டுக்கு இறக்கி, பிறகு கவரோடு சுடுதண்ணீரில் போட்டு, தொட்டால் நம் உடம்புச் சூட்டைவிடச் சற்றுக் கூடுதலாக உணரும் வரை வைக்க வேண்டும். கொதிக்கும் தண்ணீர் கூடாது, தோல் வெந்து வயிறு வெடிக்கும். மைக்ரோவேவ் பேச்சே வேண்டாம். வெளியே எடுத்து ஈரம் போகத் துடைத்துவிட்டால் சூடு நிற்கும். பால் பைத்தானின் மேலுதட்டில் வரிசையாகக் குழிகள் இருக்கும், சூட்டை அறிகிற உறுப்பு அது. இருட்டில் அதற்கு எலி என்பது மணத்தோடு சேர்ந்த ஒரு சூட்டுப் புள்ளி. ஆறிப்போன எலி அதன் கணக்கில் எலியே இல்லை.

உயிருள்ள எலி போடலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். நான் முடிந்தவரை தவிர்க்கச் சொல்வேன். கண் திறந்து பல் வந்த எலியை இரவு முழுக்கப் பெட்டியில் விட்டுவிட்டால், பசியில்லாத பாம்பின் முதுகை அது கடித்துத் தின்றுவிடும். அந்தப் புண்ணைப் பார்த்தவர்கள் மறுபடி கேட்க மாட்டார்கள்.

மூன்றாம் நம்பருக்கு இரவு விளக்கணைத்த பிறகு நீளமான இடுக்கியில் எலியைப் பிடித்து, சட்டி வாசலில் மெல்ல அசைத்துக் காட்டியிருக்கிறார். தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. சரி, வற்புறுத்தாமல் எலியை வாசலிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். காலையில் எலி இல்லை. வயிற்றில் ஒரு புடைப்பு. அடுத்த இரண்டு நாள் கையில் எடுக்கக் கூடாது என்று மட்டும் நினைவூட்டினேன். தின்ற குஞ்சைத் தூக்கி விளையாடினால் கக்கிவிடும். கக்கிய குஞ்சுக்கு இரண்டு வாரம் போல ஓய்வு கொடுத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும்.

நான்காம் நம்பர் மறுத்தது. வாசலில் வைத்ததும் எடுக்கவில்லை, எலியின் தலையைக் கீறி மூளை வாசனை காட்டியும் எடுக்கவில்லை. இங்கேதான் வளர்ப்பவர்கள் பொறுமை இழப்பார்கள். வாய்க்குள் வைத்து ஊட்டும் முறை இருக்கிறது, நானும் செய்வதுண்டு. ஆனால் அது குஞ்சை அச்சுறுத்தி இருந்த பசியையும் கெடுத்துவிடக்கூடிய கடைசி வழி. எடை 40க்குக் கீழே போனால் ஊட்டலாம், அதுவரை வாரம் ஒரு முறைக்கு மேல் இரையைக் காட்ட வேண்டாம் என்று எல்லை போட்டோம். எடை 46இல் நின்றுகொண்டது. ஒரு நாள் படம் அனுப்பினார், உடம்பு சாம்பல் பூத்திருந்தது. இரண்டாவது சட்டைக்குத் தயாராகிறது. இரையைக் காட்டுவதை அடியோடு நிறுத்திவிட்டு, பாசியை மட்டும் ஈரமாக வைத்திருந்தார். சட்டை ஒரே துண்டாக வந்தது. தலைப் பகுதியில் ஒவ்வொரு பக்கமும் மூடி இரண்டு அடுக்காக இருந்தது, பழையதும் புதியதும் ஒட்டியபடி. மூன்று இரவு கழித்து, இடுக்கி நுனியில் இருந்த எலியைப் பாய்ந்து கவ்விச் சுற்றிக்கொண்டது. முதல் இரைக்கே இறுக்கிப் பிடிக்கும் கலையை எங்கிருந்து கற்றதோ.

ஐந்தாம் நம்பர்

இதற்குப் பசி இருந்தது. எலியைக் கண்டால் தலை தூக்கும், பாயும், இரண்டு விரல் தள்ளிக் காற்றைக் கடிக்கும். பாயும் முன் தலை ஒரு பக்கமாகச் சுழன்று நடுங்கும். இதன் தந்தை, பாம்பு வளர்ப்பவர்கள் ஸ்பைடர் என்று சொல்லும் நிற வகை; இதுவும் அதே வகை. முதுகில் மெல்லிய கருங்கோடுகள் வலைபோலப் பின்னியிருக்கும். அந்த நிறத்தைத் தரும் மரபணுவோடு இந்தத் தலைத் தள்ளாட்டமும் சேர்ந்தே வருகிறது. ஸ்பைடர் பாம்புகளின் உள்காதில், சமநிலையை உணரும் பகுதியே பிறவியில் கோணலாக இருப்பதை 2022இல் வெளியான ஆய்வு ஒன்று சிடி ஸ்கேனில் காட்டியது. மருந்து கிடையாது, ஈரப்பதத்தால் சரியாகாது.

செய்ய முடிந்தது இரை கொடுக்கும் விதத்தை மாற்றுவதுதான். இடுக்கியில் ஆட்டிக் காட்டினால் பதற்றம் ஏறி நடுக்கம் கூடுகிறது. ஆகவே சின்ன டப்பா, இருட்டு, சூடான எலி அசையாமல் சட்டி வாசலில். இரண்டாவது முறையிலேயே எடுத்துக்கொண்டது, தலைகீழாகக் கவ்வி, வால் பக்கத்திலிருந்து விழுங்கப் பார்த்து, விட்டு, மறுபடி தலையைத் தேடிப் பிடித்து. நேரம் ஆனது, ஆனால் தின்றது. அந்தத் தந்தையை இனி இணை சேர்க்க வேண்டாம் என்று சொன்னேன். அழகான நிறம் என்று விற்பவர்கள் இந்தத் தள்ளாட்டத்தைச் சொல்லாமல் விடுவது எனக்கு ஒப்பவில்லை. அவர் ஒத்துக்கொண்டார். ஐந்தாம் நம்பரை யாருக்கும் கொடுக்காமல் தானே வைத்துக்கொள்வதாகவும் சொன்னார்.

மே வரை

மே மாதக் கடைசியில் மூன்றாம் நம்பர் 74 கிராம், நான்கு 63, ஐந்து 60. நான்காம் நம்பரின் வால் நுனியில் ஒரு செதில் வரிசை மட்டும் நிறம் வெளுத்திருக்கிறது, நுனி பிழைத்துக்கொண்டது. ஒன்றும் இரண்டும் பதிவு மாற்றத்துக்கான காகிதங்களோடு வேறு வளர்ப்பவரிடம் போகத் தயாராக இருக்கின்றன. வாங்குபவர் சென்னைக்காரர் என்பதால் மூடியில் இன்னும் ஓட்டை போடச் சொல்லியிருக்கிறேன்.

இங்கே மிஞ்சும் மூன்றுக்கும் அடுத்த வேலை ஜூனில் வரும். மழை பிடித்துவிட்டால் பெங்களூருக் காற்றே ஈரமாகிவிடும், பிப்ரவரிக்குப் போட்ட கணக்கு அப்போது அதிகப்படி. கோகோபீட்டில் ஊற்றும் தண்ணீரைப் பாதியாகக் குறைக்க வேண்டும். டப்பாச் சுவரில் காலையில் துளி கோத்து நின்றால் இன்னும் இரண்டு ஓட்டை போட வேண்டும். வாரம் ஒரு முறை குஞ்சைத் திருப்பி அடிவயிற்றுச் செதிலில் சிவப்போ கொப்புளமோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அக்டோபருக்குப் பிறகு ஈரப்பதமானியைப் பார்த்துப் பழையபடி தண்ணீரைக் கூட்டிக்கொள்ளலாம்.